என்.ஏ.பி. கண்காட்சி வரை காத்திருப்பதா, இப்போதே கேமரா வாங்கிவிடுவதா?

கேள்வி இதுதான்: "ஏப்ரலில் லாஸ் வேகாஸில் ஒளிபரப்பு, சினிமாக் கருவிகளுக்கான என்.ஏ.பி. கண்காட்சி வருகிறது. குறும்படமும் ஆவணப்படமும் எடுக்க ஒரு சினிமா கேமரா வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்று வாங்கினால் அடுத்த வாரமே அதைவிட நல்லது, அதைவிடக் குறைந்த விலையில் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. யார் என்ன அறிவிப்பார்கள்? காத்திருப்பது சரியா?"

முதலில் நேரடியான பதில். மூன்று மாதத்துக்குள் ஷூட் இருக்கிறதென்றால் காத்திருக்க வேண்டாம். ஷூட் இல்லையென்றால் தாராளமாகக் காத்திருங்கள். ஆனால் ஒன்று, கண்காட்சிக்குக் காத்திருப்பதும் கேமராவுக்குக் காத்திருப்பதும் ஒன்றல்ல. அறிவிப்பு வந்த நாளுக்கும் பெட்டி உங்கள் கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் சில வாரமும் ஓடலாம், ஒன்றரை வருடமும் ஓடலாம். எந்தக் கேமராவுக்கு எது என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடியும். அதற்கு வதந்திகளைவிட அதிகம் உதவுவது ஒரே ஒரு கேள்விதான்: இந்தக் கேமராவை இன்றைக்கே அறிவித்தால் அந்தக் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

ஏற்கனவே ஒரு கேமராவை நன்றாக விற்றுக்கொண்டிருக்கும் கம்பெனி, அடுத்த மாடலை அறிவித்த அன்றே பழையதன் விற்பனை படுத்துவிடும். அதனால் அவர்கள் சரக்கு தயாராகும் வரை வாயைத் திறக்க மாட்டார்கள். கேமராவே விற்றிராத கம்பெனிக்கு அந்தப் பயம் கிடையாது. சீக்கிரம் அறிவித்தால் அவர்களுக்கு லாபம்தான். வேறு கேமரா வாங்கப் போனவர்களை நிறுத்தி வைக்கலாம், முன்பணமும் வாங்கலாம். கண்காட்சிகளில் கிளம்பிய மிகப் பெரிய பரபரப்புகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

2006 என்.ஏ.பி.யை எடுத்துக்கொள்வோம். ஓக்லி கண்ணாடிக் கம்பெனியை நிறுவிய ஜிம் ஜன்னார்ட், தன் புதிய கம்பெனியான ரெட்டின் பெயரில், 4கே (அகலவாக்கில் சுமார் 4,000 பிக்சல்) படம் எடுக்கும் ரெட் ஒன் கேமராவை 17,500 டாலருக்குத் தருவதாகச் சொன்னார். அன்று அரங்கில் படம் எடுக்கும் கேமரா எதுவும் இல்லை. இருந்தும் 1,000 டாலர் முன்பணம் கட்டிப் பலர் இடம் பிடித்தார்கள். முதல் கேமராக்கள் 2007 ஆகஸ்ட் கடைசியில்தான் வெளியே வந்தன. வந்தபோது தொழிலையே புரட்டிப் போட்டது, அதை மறுக்க முடியாது. ஆனால் அதே கம்பெனி 2008 என்.ஏ.பி.யில் '3கே கேமரா, 3,000 டாலர்' என்று ஸ்கார்லெட்டை அறிவித்ததே, அது என்ன ஆனது? பலமுறை உருமாறி, 2011 நவம்பரில் ஸ்கார்லெட்-எக்ஸ் என்ற பெயரில் வந்தபோது பாடியின் விலை மட்டுமே 9,000 டாலரைத் தாண்டியிருந்தது. 2008இல் அதை நம்பிப் பணத்தைப் பையிலேயே வைத்திருந்தவர் மூன்றரை வருடம் படம் எடுக்காமல் இருந்திருக்க வேண்டும்.

பிளாக்மேஜிக் கதையும் இதே தடத்தில்தான் தொடங்கியது. கேப்சர் கார்டுகளும் (வீடியோவைக் கம்ப்யூட்டருக்குள் எடுப்பவை) டாவின்சி ரிசால்வும் (வண்ணம் சீர்செய்யும் மென்பொருள்) விற்றுக்கொண்டிருந்த கம்பெனி, 2012 என்.ஏ.பி.யில் யாரும் எதிர்பாராத நேரத்தில் 2.5கே சினிமா கேமராவை 2,995 டாலருக்கு அறிவித்தது. ரிசால்வ் மென்பொருளும் கூடவே இலவசம். ஜூலையில் தருவதாகச் சொன்னார்கள். சென்சாரின் மேல் வரும் கண்ணாடியில் கறை இருப்பது தெரியவர, உற்பத்தி தடைபட்டது. வரிசையில் நின்ற பலருக்கு அது 2013இல்தான் கிடைத்தது. 2014இல் ஆஜா கம்பெனி சியான் என்ற கேமராவை 8,995 டாலருக்குக் கொண்டுவந்தது. அது விற்பனைக்கும் வந்தது, ஆனால் அதற்கு வாரிசு வரவேயில்லை. புதிய கம்பெனியிடம் வாங்கும்போது தாமதத்தைவிட நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்: மூன்று வருடம் கழித்து பேட்டரி பிளேட்டோ ஃபர்ம்வேரோ (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) தர ஆள் இருப்பார்களா?

சமீபத்திய உதாரணம் ஃப்யூஜிஃபிலிம். லென்ஸ் உலகில் பழம்பெரும் பெயர், ஆனால் அதுவரை சினிமா கேமரா என்று தனியாக விற்றதில்லை. ஜிஎஃப்எக்ஸ் எட்டர்னாவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறோம் என்று 2024 நவம்பரில், ஜப்பானின் இன்டர் பீ கண்காட்சியை ஒட்டிச் சொன்னார்கள். விலையோடு முழு அறிவிப்பு வந்தது 2025 செப்டம்பரில். பத்து மாதம். இழக்கப் பழைய மாடல் இல்லாத கம்பெனிதான் இப்படி ஆற அமரப் பேச முடியும்.

இப்போது எதிர்ப்பக்கம். சோனி, கேனன், ஆரி மூன்றும் தங்கள் முக்கியமான கேமராக்களை என்.ஏ.பி. மேடைக்காகச் சேர்த்து வைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டன. 2011 நவம்பர் 3ஆம் தேதியிலேயே இதற்கு முன்னோட்டம் இருந்தது. கேனன் தன் முதல் சி300ஐ ஹாலிவுட்டில் பாரமவுன்ட் ஸ்டுடியோவில் தனி விழா வைத்து அறிவித்தது. ரெட்டும் அதே நாளில் ஸ்கார்லெட்-எக்ஸை இறக்கியது. எந்தக் கண்காட்சியும் அந்த வாரம் கிடையாது. பிறகு கொரோனா வந்து 2020, 2021 இரண்டு வருடமும் என்.ஏ.பி. நேரில் நடக்காமல் போனது. 2020 ஏப்ரலில் கேனன் சி300 மார்க் 3ஐ இணையத்திலேயே அறிவித்துவிட்டுப் போனது. அரங்கமும் மேடையும் இல்லாமலே கேமரா விற்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு வந்தவற்றின் தேதிகளைப் பாருங்கள்: சோனி எஃப்எக்ஸ்6 2020 நவம்பர், எஃப்எக்ஸ்3 2021 பிப்ரவரி, ஆரி அலெக்ஸா 35 2022 மே 31, கேனன் சி400 2024 ஜூன். ஒன்றுகூட ஏப்ரல் இல்லை.

சோனிக்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்றால் ஏப்ரலைவிட செப்டம்பரைக் கவனியுங்கள். ஆம்ஸ்டர்டாமில் ஐபிசி கண்காட்சி நடக்கும் மாதம் அது. எஃப்எஸ்7 (2014), எஃப்எக்ஸ்9 (2019), புரானோ (2023) மூன்றுமே ஐபிசியை ஒட்டி வந்தவை. 2025 செப்டம்பரில் கேனன் சி50யும் நிக்கான் இசட்ஆரும் அடுத்தடுத்த நாட்களில் வந்தன, அதுவும் ஐபிசிக்குச் சற்று முன்னால்.

இந்தப் பெரிய கம்பெனிகளின் வழக்கம், அறிவித்த சில வாரங்களில், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று மாதத்தில் கேமராவைக் கடைக்கு அனுப்பிவிடுவது. எஃப்எக்ஸ்3 பிப்ரவரி கடைசியில் அறிவிக்கப்பட்டு மார்ச்சிலேயே கிடைத்தது. புரானோ மட்டும் செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு வசந்தகாலம் வரை இழுத்தது. ஏன் என்று யோசித்தால் முதலில் சொன்ன கணக்கே விடை தருகிறது: 25,000 டாலர் என்ற அந்த இடத்தில் சோனிக்கு அப்போது வேறு கேமரா இல்லை, மேலே வெனிஸ், கீழே எஃப்எக்ஸ்9. முன்கூட்டிச் சொன்னதால் அவர்கள் இழந்தது அதிகமில்லை.

சரி, அப்படியென்றால் ஏப்ரலில் யார்தான் மிச்சம்? பிளாக்மேஜிக். தலைவர் கிராண்ட் பெட்டி தானே கேமராமுன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டும் வீடியோ என்.ஏ.பி. பருவத்தின் சடங்காகவே ஆகிவிட்டது. 2018இல் பாக்கெட் 4கே 1,295 டாலருக்கு வந்தது அங்கேதான். 2024இல் அர்சா சினி 12கே, பிக்ஸிஸ் 6கே, 2025இல் பிக்ஸிஸ் 12கே. உங்கள் பட்ஜெட்டுக்குத் திடுக்கிட வைக்கும் விலையில் ஏதாவது வருமானால் இந்தத் திசையிலிருந்து வரவே வாய்ப்பு அதிகம். அதற்காக எல்லாம் ஏப்ரல்தான் என்றும் நினைக்க வேண்டாம். பாக்கெட் 6கே 2019 ஆகஸ்டிலும் அர்சா மினி ப்ரோ 12கே 2020 ஜூலையிலும் சத்தமில்லாமல் வந்தன. பாக்கெட் 4கே ஏப்ரலில் அறிவிக்கப்பட்டாலும் செப்டம்பரில்தான் பெட்டி நகர ஆரம்பித்தது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தாமதம் என்றால் ஏதோ ஏமாற்றுவேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அப்படி இல்லை. சென்சார் அநேகமாக வேறொரு ஆலையில் தயாராகிறது. முதல் தொகுப்புகளில் தேறுவது குறைவாக இருக்கும். தேறிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து சீர்செய்ய வேண்டும். ஆலைக்கே ஏதாவது நடந்தாலும் நடக்கும். 2016 ஏப்ரலில், என்.ஏ.பி. தொடங்கும் அதே நாட்களில், ஜப்பானின் குமமோட்டோவில் நிலநடுக்கம் வந்து சோனியின் சென்சார் ஆலை நின்றது. பல கம்பெனிகளின் கேமராக்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. சில நேரம் நாள் தள்ளிப்போவதோடு நிற்காமல் வசதியே காணாமல் போகும். 2015இல் அறிவித்த அர்சா மினி 4.6கே கேமராவில் குளோபல் ஷட்டர் (ஃப்ரேம் முழுவதையும் ஒரே நேரத்தில் பதிவது) உண்டு என்றார்கள். அடுத்த ஆண்டு கேமரா வெளியாகும் நேரத்தில் அது எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்று நீக்கிவிட்டார்கள். அந்த ஒரு வசதிக்காக முன்பதிவு செய்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

அறிவிப்பு நாளில் நமக்குக் கிடைப்பது ஒரு விவரத் தாளும் இரண்டு நிமிட வீடியோவும். அந்த வீடியோவில் மயங்க வேண்டாம். நல்ல ஒளிப்பதிவாளர், நல்ல லைட்டிங், நல்ல கலரிஸ்ட் சேர்ந்தால் பத்து வருடப் பழைய கேமராவிலும் அப்படி எடுக்கலாம். உட்கார்ந்து படிக்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.

டைனமிக் ரேஞ்ச் (இருட்டிலிருந்து வெளிச்சம் வரை கேமரா பிடிக்கும் வீச்சு) '15 ஸ்டாப்' (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) என்று போட்டிருந்தால் எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். நிழலில் சிக்னலும் நாய்ஸும் சமமாகும் புள்ளி வரை எண்ணினால் ஒரு எண் வரும். சிக்னல் நாய்ஸைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்று வைத்து எண்ணினால் அதே சென்சாரில் கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப் குறையும். 8கே படத்தை 4கே ஆகச் சுருக்கிய பிறகு அளந்தால், நான்கு பிக்சல் ஒன்றாகி நாய்ஸ் பாதியாவதால், ஒரு ஸ்டாப் கூடிவிடும். ஒரு பொய்கூடச் சொல்லாமல் 13ஐ 15 ஆக்கிவிடலாம். எனவே இரண்டு கம்பெனிகளின் ஸ்டாப் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரே ஆள் ஒரே முறையில் இரண்டையும் அளந்து காட்டும் வரை பொறுங்கள்.

ரோலிங் ஷட்டர் (சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் வேகமான அசைவு சாய்ந்து தெரிவது) பற்றித் தாளில் அநேகமாக ஒன்றுமே இருக்காது. ஆனால் ஒரு குறுக்குவழி இருக்கிறது. முழு சென்சாரையும் பயன்படுத்தி அதிகபட்சம் எத்தனை ஃப்ரேம் எடுக்கும் என்று பாருங்கள். 60 ஃப்ரேம் என்றால் சென்சாரை மேலிருந்து கீழ்வரை படிக்க 16.7 மில்லிசெகண்டுக்கு மேல் ஆக முடியாது, ஏனென்றால் அடுத்த ஃப்ரேம் காத்திருக்கிறது. 120 என்றால் 8.3க்குள். முழு சென்சாரில் 30 ஃப்ரேம்தான், 60க்குப் போனால் கிராப் ஆகிறது (சென்சாரின் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்துகிறது) என்று அடிக்குறிப்பில் இருந்தால் எச்சரிக்கையாகுங்கள். வேகமாக பேன் செய்தால் தூண்கள் சாயும் கேமராவாக இருக்க வாய்ப்புண்டு. அதிக ஃப்ரேமில் வரிகளை விட்டுவிட்டுப் படிக்கும் கேமராக்களும் உண்டு, அங்கே இந்தக் கணக்கு பலிக்காது. இருந்தாலும் விளம்பர வாசகங்களைவிட இது எவ்வளவோ மேல்.

ரா பதிவு (சென்சார் தருவதை அப்படியே சேமிப்பது) இருக்கிறதா என்பதைவிட, அதைச் சேமிக்க உங்களால் முடியுமா என்பது முக்கியம். 6144 x 3456 பிக்சல், 12 பிட், நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் சுருக்காமல் நொடிக்கு 760 எம்பிக்கு மேல். எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் ஒரு மணி நேர ஃபுட்டேஜ் 340 ஜிபி அளவுக்கு வரும். ஆவணப்படத்தில் நாளுக்கு நான்கு மணி நேரம் உருட்டுகிறவர், அதை இரண்டு பிரதி வைக்கிறவர், கேமராவின் விலையோடு டிஸ்க்குகளின் விலையையும் கூட்டித்தான் பட்ஜெட் போட வேண்டும். கார்டு, பேட்டரி, கேஜ், மானிட்டர் இவற்றையும் சேர்த்தால் விலை குறைந்த பாடி பல சமயம் விலை குறைந்த கேமராவாக இருப்பதில்லை.

இல்லாததையும் படியுங்கள். எஃப்எக்ஸ்3இல் சென்சார் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தை ஈடுகட்ட சென்சாரே நகர்வது) உண்டு, உள்ளே என்.டி. ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) இல்லை. எஃப்எக்ஸ்6இல் என்.டி. உண்டு, ஸ்டெபிலைசேஷன் இல்லை. இரண்டும் ஒரே உடலில் வேண்டுமென்றால் புரானோ வரை ஏற வேண்டியிருந்தது. நகரும் சென்சாருக்கும் என்.டி.க்கும் லென்ஸ் பொருந்தும் மவுண்டுக்குப் பின்னால் இடம் போதாது என்பது ஒரு நியாயமான காரணம். மேல்தட்டு மாடலின் விற்பனையைக் காப்பாற்றுவது அவ்வளவாகச் சொல்லப்படாத இன்னொரு காரணம். 'இந்த விலையில் அதையும் சேர்த்துத் தருவார்கள்' என்று ஒரு வதந்தி கிளம்பினால், அதே கம்பெனியின் அடுத்த மாடலை அது அடித்துவிடுமா என்று பாருங்கள். அடித்துவிடும் என்றால் நான் அதை நம்புவதில்லை.

வதந்திகளைவிட நம்பகமான தடயங்கள் சில இருக்கின்றன. வைஃபை, புளூடூத் உள்ள எந்தக் கருவியும் விற்பனைக்கு முன் ரேடியோ அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பதிவுகளில் மாடல் குறியீடு மட்டும் முன்பே தலைகாட்டும். அறிவிப்புக் குறிப்பின் அடியில் 'அமெரிக்காவின் எஃப்.சி.சி. அனுமதி இன்னும் பெறப்படவில்லை' என்ற வரி இருந்தால், கேமரா இன்னும் சில மாதமாவது தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் சென்சார். புதிய சென்சார் ஒரு கேமராவோடு நிற்பதில்லை. எஃப்எக்ஸ்3இல் இருப்பது ஏ7எஸ் 3இன் சென்சார், நிக்கான் இசட்ஆரில் இருப்பது இசட்6 3இன் சென்சார், கேனன் சி70இல் இருப்பது சி300 மார்க் 3இன் சென்சார். புகைப்படக் கேமராவில் ஒரு நல்ல வேகமான சென்சார் வந்தால், அதன் சினிமா உடல் பின்னாலேயே வரும் என்று எதிர்பார்ப்பது வெறும் ஊகமல்ல. ஆரி இதற்கு நேர் எதிர். 2010 அலெக்ஸாவின் சென்சார் தலைமுறையைப் பன்னிரண்டு வருடம் வைத்திருந்து, 2022இல்தான் அடுத்ததற்கு வந்தார்கள். அவர்களிடம் ஒவ்வொரு ஏப்ரலிலும் புதுமை எதிர்பார்ப்பது வீண்.

அறிவிப்பிலேயே வராத ஒன்றும் உண்டு, ஃபர்ம்வேர். 2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2 முதலில் 30 ஃப்ரேம் மட்டுமே எடுத்தது. சினிமாக்காரர்கள் கெஞ்சிக் கேட்ட 24 ஃப்ரேம் 2010 மார்ச்சில் ஃபர்ம்வேராக வந்தது. எஃப்எக்ஸ்3க்கு, சினிமா பாணியில் எக்ஸ்போஷரைக் கையாளும் சினி ஈஐ வசதியும் பின்னால் வந்ததுதான். நீங்கள் இன்று வாங்கும் கேமராவுக்கே கண்காட்சி வாரத்தில் ஒரு புதிய வசதி இலவசமாக வந்து சேரலாம். அதனால் வாங்கும் முன் அந்தக் கம்பெனி பழைய மாடல்களுக்கு எவ்வளவு காலம் ஃபர்ம்வேர் தந்திருக்கிறது என்று பாருங்கள்.

கண்காட்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரில் போக வாய்ப்பிருந்தால் கட்டாயம் போங்கள், ஆனால் கேமராவுக்காக மட்டும் அல்ல. லென்ஸ், வயர்லெஸ் ஃபோகஸ், மானிட்டர், லைட், கார்டு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கையில் எடுத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. லென்ஸ் பாடியைவிட நீண்ட காலம் உங்களோடு இருக்கும். சோனி ஈ, கேனன் ஆர்எஃப், நிக்கான் இசட் போன்ற ஆழம் குறைந்த மவுண்டுகளில் அடாப்டர் போட்டு பிஎல் (சினிமா லென்ஸ்களுக்கான மவுண்ட்) லென்ஸை மாட்டலாம். தலைகீழாக முடியாது. இதைக் கணக்கில் வைத்து லென்ஸை முதலில் முடிவு செய்கிறவர்கள் எனக்குப் புத்திசாலிகளாகத் தெரிகிறார்கள். புதிய கேமரா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் அது இன்னும் தூரம் என்று அர்த்தம். கையில் கொடுத்தால் மெனுவுக்குள் போய் எத்தனை பக்கம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். சொந்தக் கார்டைப் போட்டு ஒரு ஷாட் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேளுங்கள். 'ஃபர்ம்வேர் இன்னும் முடியவில்லை' என்று மறுத்தால் கோபப்பட வேண்டாம், அதுவும் ஒரு தகவல்தான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்குள் வந்த கேமராவை மனதில் வைத்திருந்தால் வாங்கிவிடுங்கள், அதன் வாரிசு இந்த ஏப்ரலில் வர வாய்ப்பு குறைவு. நான்கு வருடத்தைத் தாண்டிய மாடல் என்றால், அதுவும் திடீரென்று பெரிய தள்ளுபடியில் கிடைக்கிறது என்றால், கண்காட்சி முடியும் வரை பொறுப்பதில் தவறில்லை. புதியது வந்தால் பழையதன் விலை இன்னும் இறங்கும், பழைய பாடிகளும் சந்தைக்கு வரும். உங்களைப் போன்ற ஒருவருக்கு அந்தப் பழைய பாடியே சிறந்த வாங்கலாக இருக்கலாம். பிழைகள் எல்லாம் தெரிந்து, திருத்தி, ஃபர்ம்வேர் முதிர்ந்த கேமரா அது.

புதியதைத்தான் முன்பதிவு செய்வேன் என்றால், முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் கேமராவைப் புதியது வந்து, ஒரு முழுநாள் சோதனை ஷூட் செய்து, அந்த ஃபுட்டேஜ் உங்கள் எடிட்டிங் கம்ப்யூட்டரில் திணறாமல் ஓடுகிறது என்று பார்க்கும் வரை விற்காதீர்கள்.